மெதடிஸ்ட் ஒன்றிப்பும் நிறப் பிரிவினையும்

18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி இங்கிலாந்தில் தொடங்கிய சமய எழுச்சியிலிருந்து பிறந்த மெதடிஸ்ட் திருச்சபை, அமெரிக்காவில் 1844இல் அடிமைமுறையின் பொருட்டு வடக்கு, தெற்கு எனப் பிளவுபட்டது. அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூ பேராயர் பதவியில் நீடிக்கலாமா என்பதே அதற்கு உடனடிக் காரணம். இவ்விரு பிரிவுகளும், பேராயர் ஆட்சியை மறுத்து முன்னரே தனித்துச் சென்றிருந்த மெதடிஸ்ட் புராட்டஸ்டண்ட் திருச்சபையும், 1939இல் கான்சாஸ் சிட்டியில் ஒன்றிணைந்தன.

ஆயினும் அந்த ஒன்றிப்புத் திட்டம், பிற சபைகளை நிலப்பரப்பின்படி ஐந்து வட்டாரங்களாகப் பகுத்துவிட்டு, கறுப்பினத்தவரின் சபைகளில் மிகப் பெரும்பாலானவற்றை, அவை எந்த மாநிலத்தில் இருந்தன என்று பாராமல், மத்திய வட்டாரம் என்னும் ஆறாவது பிரிவில் ஒதுக்கியது. தெற்கின் சம்மதத்தைப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டை, 1936இல் கூடிய வடக்குத் திருச்சபையின் பொதுமாநாட்டில், அதாவது அதன் உச்ச சட்டமன்றத்தில், கறுப்பினப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லாமற் போயிற்று. பிளவை ஆற்றுவதற்கென வந்த ஒன்றிப்பு, நிறப் பாகுபாட்டைத் தன் அமைப்புச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது பெரும் அநீதியாகும்.

ஜெர்மானியக் குடியேறிகளிடையே வேரூன்றியிருந்த இவாஞ்சலிக்கல் யுனைடெட் பிரதரன் திருச்சபையுடன் மெதடிஸ்ட் திருச்சபை 1968இல் டல்லாஸ் நகரில் இணைந்து யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபை உருவானபோதுதான் மத்திய வட்டாரம் ஒழிந்தது. வட்டாரங்களுக்குள் இனவாரியாகப் பிரிந்திருந்த ஆண்டு மாநாடுகள் எனப்படும் சபைத் தொகுதிகள் அனைத்தும் ஒன்றுசேர மேலும் சில ஆண்டுகள் ஆயின.