கம்ப்யூட்டர் வேண்டாம்... கரன்ட் வேண்டுமே!

மொட்டை மாடியில் மழைமானியும் காற்றுமானியும். ஹாலில் அவற்றின் அளவுகளைக் காட்டும் ஒரு கன்சோல். சென்னையின் வானிலை ஆர்வலர்கள் வீடுகளில் இது சகஜமாகிவிட்டது. முன்பு இந்த அளவுகளை இணையத்தில் ஏற்ற ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓட வேண்டும். இப்போது வைஃபை கன்சோலே அந்த வேலையைப் பார்க்கிறது. செல்போன் செயலியில் ரூட்டரின் பாஸ்வேர்டையும், வானிலைத் தளம் தரும் நிலைய எண்ணையும் ரகசியக் குறியீட்டையும் கொடுத்தால் முடிந்தது. பெரும்பாலான கன்சோல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எல்லாம் சரி, மழை வலுத்தால் கரன்ட் போகுமே?

தெருவில் தண்ணீர் தேங்கினால் பாதுகாப்புக்காகவே மின்சாரத்தை நிறுத்துவார்கள். ரூட்டர் அணைந்துவிடும், கன்சோலும் அணைந்துவிடும். பேட்டரியிலோ சோலாரிலோ ஓடும் மாடி சென்சார் மட்டும் விழித்திருக்கும். மழைமானிக்குள் இருக்கும் இரட்டைக் கிண்ணம் பல மாடல்களில் 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் காந்த ஸ்விட்ச் எண்ணும். அந்தக் கணக்கை சென்சார் ரேடியோ அலையில் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும், வாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டாலும்.

எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் மாடல் என்றால், கரன்ட் வந்ததும் மொத்த மழை தெரிந்துவிடும். எப்போது கொட்டியது என்பது மட்டும் தெரியாது. நான்கு மணி நேர மழை ஒரே நிமிடத்தில் பெய்ததுபோல வரைபடம் செங்குத்தாக ஏறி நிற்கும். இது சின்ன விஷயமல்ல. நாள் முழுக்கப் பரவலாகப் பெய்யும் 10 செ.மீ. கனமழை; அதுவே ஒரு மணி நேரத்தில் கொட்டினால் மேகவெடிப்பு. காற்றின் உச்ச வேகமோ, போனது போனதுதான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் பல பகுதிகள் இருளில் மூழ்கின. பதிவு மிக அவசியமான நேரமே அதுதான்.

'கம்ப்யூட்டரும் கரன்ட் போனால் அணையத்தானே செய்யும்?' என்பார்கள். உண்மைதான். ஆனால், பேட்டரியில் ஓடிய பழைய கன்சோல்களின் டேட்டா லாகர், அளவுகளைச் சேர்த்து வைத்து, கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் ஒப்படைத்துவிடும். இன்றைய கன்சோல்கள் சிலவற்றில் அந்தச் சேமிப்பே கிடையாது. அனுப்ப முடியாத அளவு, இல்லாத அளவு!

எனவே, வாங்கும்போதே மெமரி கார்டு வசதியும் கன்சோலுக்கு பேட்டரியும் உண்டா என்று கேளுங்கள். ரூட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ். போடுங்கள். பக்கத்திலேயே சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளந்து நோட்டில் எழுதுங்கள். நம் நாட்டில் மழைக்கணக்கு தொடங்குவதும் முடிவதும் அந்த நேரத்தில்தான். ஐப்பசி பிறக்கும்வரை காத்திருக்காதீர்கள்.