வகுப்பில் கண்ணயரும் பிள்ளை

பின்வாங்கில் உறங்கி விழும் மாணவனுக்குச் ‘சோம்பேறி’ எனப் பட்டஞ் சூட்டுதல் எளிது. வீட்டிலும் அவனுக்கு அதே அருச்சனைதான். ஏன் உறங்குகின்றான் என வினவுவோர் மிகச் சிலரே.

பருவமெய்தும் வயதில், உறக்கத்தை வரவழைக்கும் மெலற்றோனின் என்னும் ஓமோன் முன்னையிலும் பிந்தியே சுரக்கின்றது. ஆகவே, இரவு 11 மணிவரை கண் மூடாதிருப்பது பிடிவாதமன்று. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். நம் நாட்டுப் பாடசாலை மணியோ காலை 7.30க்கே அடித்துவிடுகின்றது. அதற்கு முன்னரே ‘ரியூசன்’ வகுப்புக்கு ஓடுவோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

இவை வயதும் வழக்கமும் செய்வன. ஆனால், உறங்க வாய்ப்பிருந்தும் வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கம் வராது, மூன்று மாதங்களாகப் பகற்பொழுதும் கெடுமாயின், அது வைத்தியரிடம் காட்டவேண்டிய கோளாறாகும்.

அதிகாலை 2 மணிக்கே உறக்கம் வந்து, விடுமுறையில் நண்பகல்வரை நிம்மதியாய்த் துயிலும் பிள்ளைக்கு உடலின் கடிகாரமே பிந்தி ஓடுகின்றது. 1981இல் அமெரிக்க ஆய்வாளர் இதனைத் தனிக் கோளாறாக விவரித்தனர். இத்தகையோனை 9 மணிக்குப் படுக்கையிற் கிடத்திப் பயனில்லை. எழும் நேரத்தைப் படிப்படியாக முன்தள்ளுதல், எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்றல், வைத்தியர் குறிக்கும் வேளையில் சிறிதளவு மெலற்றோனின் என்பனவே வழி.

பலத்த குறட்டையினிடையே மூச்சுத் தடைப்படின் மூன்று மாதம் காத்திருத்தல் ஆகாது. தொண்டையில் தொன்சில் வீங்கியிருக்கலாம். இரவில் கால்களை ஓயாது அசைத்தால் குருதியில் இரும்புச்சத்தைச் சோதிப்பர். சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து, பகலில் அடக்கவொண்ணா உறக்கம் வருவது நாக்கொலெப்சி. 1880இல் பெயரிடப்பட்ட இந்நோய் பெரும்பாலும் இளம்பருவத்திலேயே தலைகாட்டுகின்றது. இதனை நடிப்பென்று அடிப்பாருமுளர்; பேயென்று நூல் கட்டுவாருமுளர்!

வைத்தியரிடம் வெறுங்கையுடன் போதல் நன்றன்று. படுத்த நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம், மாலையிற் பருகிய தேநீர், கைத்தொலைபேசியை வைத்த நேரம் ஆகியவற்றை இரு வாரங்கள் பிள்ளையே ஒரு கொப்பியில் எழுதட்டும். நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில், “சரியாய் நித்திரை இல்லை, டொக்டர்” என்னும் முறைப்பாட்டிலும் அக்கொப்பி கூடுதலாகப் பேசும். பாட்டியாரின் நித்திரைக் குளிகையில் பாதி கொடுத்துப் பார்ப்பதை மட்டும் அறவே தவிர்க்க.

உறக்கத்தைக் கெடுப்பது மனத்துயராகவும் இருக்கலாம். தாய் தந்தையர் முன் அதனை எந்தப் பிள்ளை வாய்திறந்து கூறும்? வைத்தியர் கேட்குமுன்னரே, சில நிமிடங்கள் நாம் வெளியே சென்று அமர்வோம்.