கைக்குள் ஒரு கதைப்புத்தகம்



கடந்த மாதம் நேயர் ஒருவர் நிலையத்துக்கு வந்திருந்தார். அவருடைய அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. எங்கள் நாவல் வாசிப்புகளைக் கேட்கச் சிறிய பிளேயர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் இரண்டு அத்தியாயத்துடன் அது நிறைந்துவிட்டதாம். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நான் கணக்காளன் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கலையகத்தில் நாங்கள் பதிவது 'வேவ்' கோப்பு. குறுந்தட்டின் தரத்தில் அது ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைற் பிடிக்கும். அதையே 64 கிலோபிற் எம்பி3 ஆக, மோனோவில் மாற்றினால் 29 மெகாபைற்தான். அந்த அம்மாவின் 1 கிகாபைற் பிளேயரில் ஒன்றரை மணிநேரத்துக்குப் பதிலாக 34 மணிநேரம் கேட்கலாம்.

இது எப்படி முடிகிறது? பெரிய சத்தத்தின் அருகில் வரும் சிறிய சத்தங்களை எங்கள் காது கவனிப்பதில்லை. எம்பி3 அவற்றை நீக்கிவிடுகிறது. ஒருவர் வாசிக்கும் குரலுக்கு ஸ்ரீரியோவும் தேவையில்லை. பாட்டு என்றால் 64 போதாது, 192 வையுங்கள்.

செய்யும் முறை:

1. இலவசமாகக் கிடைக்கும் 'ஓடாசிற்றி' மென்பொருளில் கோப்பைத் திறவுங்கள்.
2. இரண்டு தடங்களையும் சேர்த்து மோனோ ஆக்குங்கள்.
3. எம்பி3, 64 கிலோபிற் என்று தெரிவுசெய்து ஏற்றுமதி செய்யுங்கள்.
4. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக, 01, 02 என்று இலக்கமிடுங்கள். பழைய பிளேயர்கள் சில தமிழ் எழுத்தைக் கட்டங்களாகவே காட்டும்.

இனி நான் விட்ட பிழை. ஊரிலிருந்து அப்பா, பேரப்பிள்ளைகளுக்குக் கதை வாசித்து ஒரு கசற் அனுப்பியிருந்தார். 2004இல் அதைக் கணினியில் ஏற்றினேன். இடம் மிச்சம் பிடிக்க 16 கிலோபிற்றில் மாற்றிவிட்டு, மூலக் கோப்பை அழித்துவிட்டேன். பிறகு கசற்றும் சிக்கி அறுந்துபோனது. கதையின் நடுவில் அம்மா அடுப்படியிலிருந்து அப்பாவைக் கூப்பிடுவது தூரத்தில் கேட்கும். இப்போது அந்த இடத்தில் கரகரப்பு மட்டுமே இருக்கிறது. இருவரும் இன்று இல்லை.

எம்பி3ஐத் திரும்ப வேவ் ஆக்கினால் கோப்புத்தான் பெருக்கும், போன சத்தம் வராது. மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு பற்றுச்சீட்டுகளைக் கிழித்தவனின் நிலைதான் எனக்கு. ஆகவே மூலத்தை அழிக்காதீர்கள். இடம் போதாவிட்டால் 'ஃபிளாக்' ஆக்குங்கள். அது கோப்பைச் சுருக்கும், ஒலியில் எதையும் இழக்காது. அதை இரண்டு இடங்களில் வையுங்கள். எம்பி3 கேட்பதற்கான பிரதி மட்டுமே.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு கசற் கிடக்கலாம். கொண்டுவாருங்கள், நிலையத்தின் கசற் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. அந்த அம்மா இப்போது பத்தாம் அத்தியாயத்தில் நிற்கிறாராம்.