கணவனும் மனைவியும் செய்துகொள்ள வேண்டிய இரத்தப் பரிசோதனை



பிறந்து ஐந்தாறு மாதம் வரை நன்றாக இருந்த குழந்தை, பிறகு அடிக்கடி கை கால் வீங்கி வலியால் அழுகிறது. சோகை பிடித்து வெளுத்துப் போகிறது. உடனே, "எல்லாம் மருமக வீட்டுச் சீக்கு" என்று பேசுகிறவர்கள் உண்டு. இது தவறு. இது அரிவாள் செல் சோகையாக இருக்கலாம். இந்நோய் தாய் ஒருத்தியால் மட்டும் வருவதில்லை.

எப்படி வருகிறது?

மரபணு என்பது உடம்பின் குணங்களை எழுதிவைத்த ஏடு போன்றது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு ஏடுகள் குழந்தைக்கு வருகின்றன. இரத்தத்தின் சிவப்புச் சத்துக்கான ஏட்டில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் இந்நோய் வருகிறது. வட்டமான சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, சிறு இரத்தக் குழாய்களை அடைத்துவிடும்.

ஓர் ஏட்டில் மட்டும் குறை உள்ளவர் பெரும்பாலும் சுகமாகவே இருப்பார். வயல் வேலை, கம்பெனி வேலை எல்லாம் பார்ப்பார். கணவன், மனைவி இருவருக்கும் இக்குறை இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "முதல் பிள்ளைக்கு வந்தாச்சு, இனிமே வராது" என்று இருந்துவிடக் கூடாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடித்தவர்களிடம் இருவருக்குமே ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

நீலகிரி மலைவாழ் மக்களிடம் இக்குறை 1952-இல் கண்டறியப்பட்டது. 2047-க்குள் இந்நோயை ஒழிக்க, 2023 ஜூலை 1 அன்று தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது.

மின்சாரம் மரபணுவைக் காட்டுமா?

காட்டும். சர்க்கரை பார்க்கும் சிறு மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பட்டையில் வைத்த ஒரு சொட்டு இரத்தத்திலுள்ள சர்க்கரை, மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மெஷின் அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

மரபணுவுக்கும் இப்படியே கருவி செய்கிறார்கள். மரபணு, ஜிப் போல இரண்டு இழைகள் கோத்தது. குறையுள்ள எழுத்துக்குப் பொருந்தும் ஓர் இழையைத் தங்கம் அல்லது கரித் தகட்டில் ஒட்டி வைப்பார்கள். இரத்தத்திலிருந்து பிரித்த இழை அதனோடு சரியாகக் கோத்துக்கொண்டால் மின்னோட்டம் மாறும். ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் பிடிப்பு தளர்ந்துவிடும். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் உள்ளன.

அதுவரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். சிறிது இரத்தம் எடுத்து முதல் சோதனை செய்து, சந்தேகம் இருந்தால் பெரிய ஆய்வகத்தில் உறுதிசெய்யும் முறை இப்போதே உண்டு.

* இருவரும் சேர்ந்தே வாருங்கள். "எனக்கு ஒண்ணுமில்லை, அவளுக்குப் பாருங்க" என்று கணவன் ஒதுங்கக் கூடாது.
* இருவருக்கும் குறை இருந்தால், கர்ப்பம் தரித்ததும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்றாம் மாதத்திலேயே கருவைச் சோதிக்க வழியுண்டு.
* நோயுள்ள குழந்தைக்குத் தண்ணீர் நிறையக் கொடுங்கள். தடுப்பூசி தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் தாமதிக்காதீர்கள். வலியைக் குறைக்கும் மருந்தும் உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ இன்றே கேளுங்கள்.

பழி யார் மீதும் இல்லை. பரிசோதனை இருவருக்கும் உண்டு!