ரெண்டு சிம் போனை நிறுத்தின மதுரை காப்புரிமை

காளவாசல்ல உட்கார்ந்து பேசுறதால, ஆடியோல பைபாஸ் ரோடு ஹாரன் கொஞ்சம் கலந்திருக்கும். இந்த எழுத்து வடிவத்துல அந்தத் தொல்லை இல்லை.

உங்க போன்ல ரெண்டு சிம் போட இடம் இருக்கும். இருக்கான்னுகூட இப்ப யாரும் கேட்டு வாங்குறதில்லை. ஆனா 2009-ல அதுக்காகவே போன் வாங்கினாங்க. டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசான்னு வந்து ரேட்டை உடைச்ச வருஷம் அது. எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய நம்பர் ஒரு சிம்ல, மலிவா பேச இன்னொரு சிம். ரெண்டு போன் வாங்க வசதியில்லாதவங்களுக்கு அந்த ஒரு போன்தான் கதி.

அதே சமயத்துல, வெளிநாட்டுல இருந்து வந்த ரெண்டு சிம் போன்களை சுங்கத்துறை தடுத்து நிறுத்த ஆரம்பிச்சது. காரணம் நம்ம மதுரைக்காரர் ஒருத்தர். சோமசுந்தரம் ராம்குமார். அவர் 2002 மார்ச்ல விண்ணப்பிச்சு 2008-ல வாங்கின இந்தியக் காப்புரிமை, எண் 214388. தலைப்பு என்னன்னா, வேற வேற நெட்வொர்க்குக்கான பல சிம் கார்டுகள் உள்ள மொபைல் போன். அவ்வளவுதான்.

தலைப்பை மட்டும் படிச்சா கடையில இருக்கிற அத்தனை ரெண்டு சிம் போனும் அதுக்குள்ள வந்துடும். ஆனா காப்புரிமையோட எல்லையைத் தீர்மானிக்கிறது தலைப்பு இல்லை, கடைசியில இருக்கிற 'கிளெய்ம்'. நிலப் பத்திரத்துல நாலு எல்லை எழுதுற மாதிரி. இவரோட கிளெய்ம்ல பல சிம் சாக்கெட்டோட சேர்த்து, ஒரே நேரத்துல பேசுறதுக்குப் பல ஹெட்போன் ஜாக்கும் புளூடூத்தும் வருது. அன்னிக்கு வித்த சாதாரண போன்ல எத்தனை ஜாக் இருந்துச்சு? ஒண்ணுதான்.

அப்படின்னா போன் எப்படி நின்னுச்சு? 2007-ல வந்த ஒரு விதிப்படி, காப்புரிமை வச்சிருக்கிறவர் சுங்கத்துறையில பதிவு பண்ணலாம்; மீறல்னு சந்தேகம் வந்தா அதிகாரி சரக்கை நிறுத்தலாம். போலி பிராண்டு ஷூவுக்கு இது சரி, லோகோவைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். போனுக்குள்ள இருக்கிற தொழில்நுட்பம் ஒரு கிளெய்முக்குள்ள விழுதான்னு ஏர்போர்ட் குடோன்ல நின்னு எப்படிச் சொல்ல முடியும்? நீதிமன்றத்துக்கே வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் சரக்கு தேங்குற ஒவ்வொரு நாளும் இறக்குமதி பண்ணவருக்குக் காசு போகும். இந்த நெருக்கடிதான் அகலமான காப்புரிமையோட நிஜ பலம். கேஸ்ல ஜெயிக்கணும்னு அவசியமே இல்லை.

ராம்குமார் சட்டம் திறந்து வச்ச வழியிலதான் போனார், அதையும் சொல்லிடணும். தனி ஆள் ஒருத்தர் சாம்சங்கையே நிறுத்தினார்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி வரத்தான் செய்யும். எனக்கும் வந்துச்சு. ஆனா ஃபின்லாந்தோட பெனஃபோன் 2000-லயே 'ட்வின்'னு ரெண்டு சிம் போன் விட்டுடுச்சு. இவர் விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே.

நம்ம 1970 காப்புரிமைச் சட்டத்துல 13(4)-னு ஒரு பிரிவு இருக்கு. ஆய்வு பண்ணி காப்புரிமை கொடுத்ததாலேயே அது செல்லும்னு உத்தரவாதம் இல்லைன்னு அது சொல்லுது. அதனால பாதிக்கப்பட்டவங்க ரத்து கேட்டுப் போகலாம். ஸ்பைஸும் சாம்சங்கும் சென்னையில இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனாங்க. ஏற்கனவே தெரிஞ்ச விஷயங்களை வச்சு, துறை தெரிஞ்ச ஒருத்தர் சுலபமா எட்டக்கூடியதுதான் இதுன்னு வாரியம் 2012 ஜூன்ல காப்புரிமையை ரத்து பண்ணிடுச்சு.

சுங்க விதியைச் சரிபண்ண இன்னும் ஆறு வருஷம் ஆச்சு. 2018 ஜூன்லதான் அதுல இருந்து காப்புரிமையை எடுத்தாங்க. டிரேட்மார்க், காப்பிரைட் எல்லாம் இப்பவும் இருக்கு. ரத்து ஆகாம இருந்திருந்தா 214388-க்கு 2022 மார்ச் வரைக்கும் ஆயுள் இருந்திருக்கும். ஜியோ வந்து, ஊரே ரெண்டாவது சிம் போட்டு, அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடின பிறகும்!