ஒரு விசில் என்றால் நில்!

பஸ்ஸில் போயிருப்பீர்கள். கண்டக்டர் ஒரு தடவை விசில் அடித்தால் பஸ் நிற்கும். இரண்டு தடவை அடித்தால் கிளம்பும். பின்படியில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. விசிலை நம்பித்தான் வண்டியை எடுக்கிறார். கண்டக்டர் அவசரப்பட்டு விசில் கொடுத்துவிட்டால்? படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கும் பாட்டியின் கதி என்ன?

இப்படி விசிலை நம்பியே ஒரு பெரிய தொழில் நடந்தது. அது நடந்த இடம் வெகுதூரம். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை ஓரத்து மலைக்காடுகள். அங்கே மழை அதிகம். மரங்கள் வானத்தைத் தொடுவது போல வளரும். சில மரங்களை நாலைந்து பேர் கைகோத்து நின்றாலும் கட்டிப் பிடிக்க முடியாது. வெட்டிச் சாய்ப்பது ஒரு பாடு. சாய்ந்த மரத்தை மலைச்சரிவிலிருந்து வெளியே கொண்டு வருவது அதைவிடப் பெரும் பாடு.

முதலில் எருதுகளைப் பூட்டி இழுத்தார்கள். பிறகு எஞ்சின் வந்தது. 1881-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் யுரேகா என்ற ஊரில் ஜான் டோல்பீர் என்பவர் ஒரு நீராவி எஞ்சினை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பெயர் 'டாங்கி'. டாங்கி என்றால் கழுதை! பெயர்தான் கழுதை. பல எருதுகள் இழுக்கும் மரத்தை அது தனியாக இழுத்தது.

எப்படி இழுத்தது? நம் ஊர்க் கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓரிடத்தில் நிற்கும். அதில் ஓர் உருளை சுழலும். உருளையில் கயிறு சுற்றும். கயிற்றின் மறுமுனை மரத்தில் கட்டியிருக்கும். கயிறு சுற்றச் சுற்ற மரம் தரையில் உரசிக்கொண்டு வரும். மரம் வந்து சேர்ந்ததும் கயிற்றை மறுபடி காட்டுக்குள் கொண்டுபோக வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு குதிரை வைத்திருந்தார்கள். பாவம், நாள் முழுக்கக் கயிற்றை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் நடப்பதே அதன் வேலை.

அந்தக் காலத்தில் தூரம் குறைவு. வேகமும் குறைவு. கையை அசைத்தால், உரக்கக் கூவினால் போதும்.

பின்னர் எஞ்சின்கள் பெரிதாயின. சாதாரணக் கயிறு போய் இரும்புக் கம்பி வடம் வந்தது. வடத்தைத் திருப்பிக் கொண்டுபோக இன்னொரு வடம் வந்தது. குதிரைக்கு ஓய்வு கிடைத்தது. 1900-க்குப் பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. உயரமான ஒரு மரத்தின் நுனியை வெட்டி, அதன் உச்சியில் பெரிய கப்பியைக் கட்டினார்கள். வடம் அந்தக் கப்பி வழியாகப் போனது. இழுபடும் மரத்தின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. அதனால் மரம் வேகமாக வந்தது.

வேகம் வந்தது. கூடவே ஆபத்தும் வந்தது.

மரத்தில் வடம் மாட்டுகிறவர்கள் பள்ளத்தில் இருப்பார்கள். எஞ்சின் ஓட்டுகிறவர் மேட்டில் இருப்பார். இடையில் ஆயிரம் அடி தூரம் இருக்கலாம். மேடு மறைக்கும், மூடுபனி மறைக்கும். கூவினால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. மரத்தின் அடியில் குனிந்து வடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் இழுத்துவிட்டால் ஆள் நசுங்கிப் போவான். இழுபடும் மரம் ஒரு கட்டையில் மோதினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. வடம் வளைந்து போகும் இடத்தில், வளைவின் உள்பக்கம் நிற்பதும் ஆபத்து. கப்பி பிய்த்துக்கொண்டால் விறைத்த வடம் அந்தப் பக்கம்தான் பாயும்.

எனவே நடுவில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். அவனுக்கு 'விசில் பங்க்' என்று பெயர். விசில் பொடியன் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சிறுவன். சில இடங்களில் வயதானவர், அல்லது அடிபட்டு வேறு வேலை செய்ய முடியாதவர். வடம் மாட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு கட்டை மேல் ஏறி நிற்பான். அவன் கையில் ஒரு நீளக் கம்பி. அதன் மறுமுனை எஞ்சினில் இருக்கும் நீராவி விசிலில் கட்டியிருக்கும். கம்பியை வெடுக்கென்று இழுத்தால் விசில் ஊதும்.

கீழே வடத்தை மாட்டிவிட்டு எல்லோரும் ஒதுங்குவார்கள். தலைவன் குரல் கொடுப்பான். பொடியன் கம்பியை இழுப்பான். எஞ்சின்காரர் விசிலை எண்ணுவார். எத்தனை ஊதல், குட்டையா நெட்டையா என்பதைப் பொறுத்து எந்த வடத்தை இழுப்பது, மெதுவாகவா வேகமாகவா என்று அவருக்குத் தெரிந்துவிடும். வடம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு குட்டை ஊதல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நெட்டை ஊதல்கள் வரிசையாக வந்தால் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பொருள். அதைக் கேட்டால் எல்லோர் வயிறும் கலங்கும்.

ஸ்வீடன், நார்வே, பின்லாந்து என்று பல நாட்டிலிருந்து வந்தவர்கள் அந்தக் காடுகளில் வேலை செய்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. விசில் எல்லோருக்கும் புரியும்.

பொடியனுக்குக் கூலி மிகக் குறைவு. அத்தனை பேர் உயிரையும் கையில் பிடித்திருப்பவனுக்குக் குறைந்த கூலி! இது என்ன நியாயமோ எனக்கு விளங்கவில்லை. கண் அயரக் கூடாது, கவனம் சிதறக் கூடாது. மழையிலும் குளிரிலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டிய வயதில்.

இழுகம்பியிலும் தொல்லை உண்டு. நீளமாக இருப்பதால் கனக்கும், தொய்யும், புதரில் சிக்கும். இழுத்தும் விசில் ஊதாமல் போகலாம். ஆகவே பிறகு மின்சாரம் வந்தது. பொடியன் கையில் ஒரு பொத்தான். அதிலிருந்து எஞ்சின் வரை மின்கம்பி. பேட்டரி உண்டு. பொத்தானை அமுக்கினால் மின்சாரம் போய் விசிலைத் திறக்கும். கைக்கு வலி இல்லை. ஆனால் மரம் உருண்டு வந்தால் மின்கம்பி அறுந்துவிடும். அறுந்த இடத்தைத் தேடி ஒட்ட வேண்டும்.

நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. டீசலில் நீராவி ஏது? காற்றை அழுத்தி ஊதும் ஹாரனை வைத்தார்கள்.

கடைசியில் கம்பியே இல்லாமல் போனது. 1950-களிலும் அதற்குப் பிறகும் ரேடியோ கருவிகள் வந்தன. 'டாக்கி டூட்டர்' என்பது பேர்போன ஒன்று. சிறிய பெட்டி. வடம் மாட்டுகிறவரே இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பொத்தானை அமுக்கினால் மேலே ஹாரன் ஊதும். பேசவும் செய்யலாம். பக்கத்து மலையில் இன்னொரு குழு அமுக்கினால் நம் ஹாரன் ஊதிவிடக் கூடாதே! அதற்காக ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள ஒலி வைத்தார்கள்.

விசில் பொடியனின் வேலை போய்விட்டது. மற்றவர்களின் ஆபத்து முழுக்கப் போகவில்லை. அமெரிக்காவில் உயிர்ப்பலி அதிகமான தொழில்களில் மரம் வெட்டுதல் இன்றும் முன்வரிசையில் இருக்கிறது.

இப்போதும் பேசும் ரேடியோ இருக்க, ஹாரன் ஊதல் எதற்கு? ரேடியோப் பேச்சு எஞ்சின்காரருக்குத்தான் கேட்கும். ஹாரன் சரிவில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். வடம் நகரப் போகிறது என்று தெரிந்து ஒதுங்கிக்கொள்வார்கள்.

அங்குள்ள விதியில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இழுக்கச் சொல்லும் சைகையை அதற்கென உள்ள ஒருவர்தான் கொடுக்கலாம். ஆபத்து என்றால் நிறுத்தச் சொல்லும் சைகையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் கொடுக்கலாம். ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி பிறகு. முதலில் வடம் நிற்க வேண்டும்.