அலகுச் சோதனையும் எழுத்தெண்ணிக்கையும்

நிரலின் சிறு கூறொன்றைத் தனியே இயக்கி, அது தரும் விடை எதிர்பார்த்த விடையோடு பொருந்துகிறதா எனக் காண்பது அலகுச் சோதனை எனப்படும். ஜாவா மொழியில் இதற்குப் பெரிதும் பயன்படும் ஜூனிட் என்னும் கருவியைக் கெண்ட் பெக், எரிக் காமா ஆகியோர் 1997இல் உருவாக்கினர். எக்லிப்ஸ் என்னும் நிரலாக்கச் சூழலில் சோதனைகள் அனைத்தும் பொருந்தின் பச்சைப் பட்டையும், ஒன்றேனும் பொருந்தாவிடின் சிவப்புப் பட்டையும் தோன்றும். விடை எதிர்பார்ப்போடு முரண்படுவது 'தோல்வி' என்றும், எதிர்பாராத இடையூற்றால் நிரல் இடையில் முறிவது 'பிழை' என்றும் தனித்தனியே எண்ணப்படும். இரண்டையும் 'தவறு' என ஒரே சொல்லால் பெயர்ப்பின் இன்றியமையாத வேறுபாடொன்று மறைந்துவிடும். ஏனெனில், தோல்வியில் நிரலும் தவறியிருக்கலாம், எதிர்பார்ப்பும் தவறியிருக்கலாம்.

கர்நாடக எல்லையில் ஓசூரை அடுத்துள்ள அத்திபெலே என்னும் ஊரின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இப்பெயரின் எழுத்துகளை எண்ணும் நிரலுக்குச் சோதனை எழுதும் தமிழர் அ, த், தி, பெ, லே என ஐந்தை எதிர்பார்ப்பார். சரத்தின் நீளத்தைத் தரும் ஜாவாவின் செயற்கூறோ ஒன்பது என்னும், சோதனை தோல்வியுறும். நிறுத்தப்புள்ளி இட்டு, வழுநீக்கியின் துணையால் சரத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கின் காரணம் விளங்கும். யூனிகோடு முறையில் அ, த, புள்ளி, த, இகரக்குறி, ப, எகரக்குறி, ல, ஏகாரக்குறி என ஒன்பது அலகுகள் அங்கு உள்ளன. உயிரையும் மெய்யையும் பிரித்து ஒலியன்களாக எண்ணினாலோ எட்டே வரும்.

அதே நெடுஞ்சாலையில் உள்ள பொம்மசந்திராவின் பெயர் வேறொரு சிக்கலைக் காட்டும். 'பொ' என்பதன் ஒகரக்குறி ஒரே அலகாகவும், கொம்பு, கால் என ஈரலகாகவும் உள்ளிடப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஜாவாவின் நேரடி ஒப்பீட்டில் அவை வெவ்வேறு சொற்கள். ஒரு வடிவில் தேடுவோர்க்கு மற்றொரு வடிவில் பதிவான ஊர் கிட்டாது. ஒப்பிடுமுன் இரண்டையும் யூனிகோடின் இயல்பாக்க நெறிப்படி ஒரே வடிவிற்குக் கொணர்தல் வேண்டும். இதற்கான வசதி 2006இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு முதல் ஜாவாவின் பொது நூலகத்திலேயே உண்டு.

ஐந்து, எட்டு, ஒன்பது ஆகிய மூன்றும் சரியான விடைகளே. முதலாவது எழுதுமுறைக்கும், இரண்டாவது ஒலியனியலுக்கும், மூன்றாவது சேமிப்புக்கும் உரியது. எதனை எண்ண வேண்டும் என்பதைக் கருவி அறியாது. ஆகவே தமிழ்த் தரவுகளைக் கையாளும் நிரல்களில், சோதனையின் எதிர்பார்ப்பை வரையறுப்பது நிரலாளருடன் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணி எனலாம்.